சாட்டையும் சேவலும்

பருவத் தேர்வு முடிந்து விடுமுறைக்குக் கிளம்பும் அன்று மாணவிகள் வழக்கமாகக் கேட்பார்கள்: "மேடம், லீவுல என்ன படம் பாக்கலாம்?" முன்பு பத்துப் பன்னிரண்டு பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று சொல்வேன். யாரும் அதை எழுதிக்கொள்வதில்லை என்று தெரிந்த பிறகு சுருக்கிக்கொண்டேன். இப்போது சொல்வது இரண்டே. பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'யைத் தேடிப் பாருங்கள். டிவியில் 'பட்டிக்காடா பட்டணமா' ஓடினால் சேனலை மாற்றுங்கள்.

இரண்டாவதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் இந்த மேடத்துக்கு என்ன கோபம் என்று ஒருத்தி மற்றவளைப் பார்ப்பாள். நானும் 'பார்க்காதே' என்று சொல்லும் ஆள் இல்லை. எல்லாவற்றையும் பார், பார்த்துவிட்டுக் கேள்வி கேள் என்று பல வருஷம் பாடம் நடத்தியவள்தான். அந்த இடத்திலிருந்து எப்படி இறங்கி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வன்னியம்பட்டியில் அப்போதெல்லாம் பங்குனிப் பொங்கல் என்றால் டெக் உண்டு. ராஜபாளையத்திலிருந்து கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து கோயிலுக்கு முன்னால் பெஞ்சின் மேல் ஏற்றி வைப்பார்கள். விடிய விடிய மூன்று படம். முதலில் சாமி படம், அடுத்து சிவாஜி படமோ எம்.ஜி.ஆர். படமோ, மூன்றாவது புதுப்படம். மூன்றாவதைப் பார்க்க நாங்கள் யாரும் விழித்திருந்ததில்லை. ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அப்படி ஒரு ராத்திரியில்தான் 'பட்டிக்காடா பட்டணமா' பார்த்தேன். குடுமியும் வேட்டியுமாகச் சோழவந்தான் மூக்கையன் சிவாஜி. லண்டன் போய்ப் படித்து வந்த கல்பனா ஜெயலலிதா. சாட்டைக் காட்சி வந்தபோது ஆண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் விசில் பறந்தது. அதை மறந்துகூடப் போயிருப்பேன். மறக்க முடியாமல் இருப்பது பெண்கள் பக்கத்துக் கைதட்டல். தட்டியவர்களில் என் அத்தையும் ஒருத்தி. "அவ கொழுப்புக்கு நல்லா வேணும்" என்றாள். முந்தின வாரம்தான் மாமா விறகுக் கட்டையால் அடித்து அவளுக்கு இடது கை வீங்கியிருந்தது. மஞ்சள் பத்துப் போட்ட அந்தக் கையோடுதான் தட்டினாள்.

அத்தை ஏன் தட்டினாள் என்பது எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. புரிந்தபோது படத்தின் சூழ்ச்சியும் சேர்ந்து புரிந்தது.

1972-இல் பி. மாதவன் இயக்கத்தில் வந்த படம். கதை பாலமுருகன், இசை எம்.எஸ். விஸ்வநாதன். பெரிய வெற்றி, அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கிராமத்து மூக்கையன், முறைப்பெண்ணான பட்டணத்துக் கல்பனாவைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அவள் கிராமத்து வாழ்க்கைக்கு ஒத்துவரவில்லை. நண்பர்களை வரவழைத்து வீட்டில் ஆட்டமும் பாட்டமுமாக விருந்து நடத்துகிறாள். அவன் சாட்டையை எடுக்கிறான். அவள் தாய்வீட்டுக்குப் போகிறாள், விவாகரத்து கேட்கிறாள். நடுவில் பிள்ளை, இரண்டாம் கல்யாணம் செய்யப்போவதாக ஒரு நாடகம். கடைசியில் கல்பனா அவன் வாசலுக்கே வந்து சேர்கிறாள்.

தலைப்பைக் கவனியுங்கள். பட்டிக்காடா, பட்டணமா? சண்டை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் என்று படம் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் சண்டை, உழைப்புக்கும் பகட்டுக்கும் சண்டை, வேட்டிக்கும் கோட்டுக்கும் சண்டை. பட்டணத்தின் பக்கம் நிற்பவர்களைப் பாருங்கள்: கல்பனாவும் அவளுடைய அம்மாவும். இரண்டு பெண்கள். (கல்பனாவின் அப்பா நல்லவர், மனைவிக்குப் பயந்தவர். நம் சினிமாவில் நல்ல மனிதர்கள் மனைவிக்குப் பயப்படுவது ஒரு விதி.) பணக்காரத் திமிர், சாதாரண மக்களை மதிக்காமை, மண்ணை மறந்த படிப்பு எல்லாவற்றையும் இந்த இரண்டு பெண்கள் தலையில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் படம் சாட்டையை எடுக்கிறது. அப்புறம் சாட்டை விழுவது பெண்ணின் முதுகில் என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. திமிரின் மேல் விழுகிறது, பணத்தின் மேல் விழுகிறது.

என் அத்தைக்குப் பதிமூன்று வயதில் படிப்பை நிறுத்தினார்கள். மில் வேலைக்குப் போனாள். மில்லில் சூபர்வைசரின் ஏச்சு, வீட்டில் மாமாவின் கை. அவள் வாழ்க்கையில் ஒரு பணக்காரியை, ஒரு படித்தவளை யாராவது அடித்து அவள் பார்த்ததே இல்லை. படம் அதை அவளுக்குக் காட்டியது. அவள் கைதட்டியது மூக்கையனுக்கு இல்லை என்றுதான் இன்று நினைக்கிறேன். ஆனால் தட்டி முடித்தபோது சாட்டை நியாயமாகிவிட்டிருந்தது. அடிப்பவன் கெட்டவன் இல்லை, அடி வாங்குபவள் கொழுப்பெடுத்தவள் என்ற கணக்கு முடிந்துவிட்டிருந்தது. அதே கணக்கை வைத்து மறுநாள் அவள் தன் வீக்கத்தைப் பார்த்திருப்பாள். உழைக்கிற பெண்ணின் வர்க்கக் கோபத்தை எடுத்து, அவள் முதுகுக்கே சாட்டையாகத் திரித்துக் கொடுக்கிற வேலை இது. இதை இவ்வளவு லாவகமாகச் செய்த படம் தமிழில் வேறு இல்லை. மோசமான படமாக இருந்திருந்தால் விட்டுவிடலாம். இது நன்றாக எடுக்கப்பட்ட படம்.

படம் வந்த காலத்தில் மனைவியை அடிப்பது தனிக் குற்றமாக எழுதப்பட்டிருக்கவில்லை. 498ஏ பிரிவு 1983-இல்தான் வருகிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல். 'அந்தக் காலப் படத்தை அந்தக் காலக் கண்ணோடு பார்க்க வேண்டும்' என்று சொல்பவர்களிடம் நான் இதை மறுப்பதில்லை. ஆனால் அந்தக் காலப் படம் அந்தக் காலத்திலேயே நின்றுவிட்டதா? டிவியில் திரும்பத் திரும்ப வருகிறது. ராக்கம்மா பாட்டு ஒலிக்காத கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ரா உண்டா? இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. சாட்டையின் முன் நின்ற அந்த நடிகை 1991-இல் முதலமைச்சரானார். அமைச்சர்கள் வரிசையாக அவர் காலில் விழுந்ததை இந்த ஊரே பார்த்தது. அவர் ஆட்சி பற்றி எனக்கு நிறைய விமர்சனம் உண்டு. ஆனால் அவரைத் திட்டியவர்கள் அவருடைய ஊழலைப் பேசுவதைவிட 'அடக்க ஆளில்லாத பொம்பள' என்பதைத்தான் அதிகம் பேசினார்கள். டீக்கடை பெஞ்சுகளில் மூக்கையனின் சாட்டை கடைசிவரை தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பெண்ணியம் தாள் நடத்தும்போது இந்தக் காட்சியைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் காட்டினேன். காட்டிவிட்டு மேலே எழுதியதையெல்லாம் விளக்குவேன். மாணவிகள் குறிப்பெடுப்பார்கள், தேர்விலும் நன்றாகவே எழுதுவார்கள். மூன்றாவது வருஷம்தான் ஒன்றைக் கவனித்தேன். விளக்கை அணைத்த பிறகு வகுப்பில் சிரிப்புச் சத்தம். அவன் சாட்டையைச் சொடுக்கும்போது பின்பெஞ்சில் ஒரு கைதட்டல். பாட்டு வந்தபோது கால்கள் தாளம் போட்டன. என் காலும் போட்டது. ஐம்பது நிமிஷ வகுப்பில் நாற்பது நிமிஷம் நான் பேசுகிறேன். ஐந்து நிமிஷம் சிவாஜி வருகிறார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர்கள் எதைக் கொண்டு போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விஷ முறிவைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று வருஷா வருஷம் நாற்பது பேருக்கு விஷத்தை நானே ஊட்டிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு காட்டுவதில்லை.

இந்தக் கதையைச் சினிமா கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதுரையை ஆண்ட அல்லியின் கதை நம் பாட்டிகளுக்குத் தெரியும். 'அல்லி அரசாணி மாலை' பெரிய எழுத்துப் புத்தகமாக ஊர் ஊராக விற்றது. ஆணே வேண்டாம் என்று அரசாண்டவளின் படுக்கையில் அர்ச்சுனன் பாம்பாகப் புகுகிறான். அவள் தூங்கும்போது தாலி கட்டுகிறான். விழித்து எழுந்தால் அவள் மனைவி. ஷேக்ஸ்பியரின் அடங்காப்பெண் நாடகத்தைத் தழுவி 1963-இல் 'அறிவாளி' வந்தது, அதிலும் சிவாஜிதான். அடக்கப்பட்டவர் பானுமதி. படங்களைத் தானே இயக்கி, ஸ்டுடியோ நடத்திய பெண்ணை அடக்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1992-இல் 'மன்னன்'. தொழிற்சாலை நடத்திய விஜயசாந்தி, கடைசியில் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுவிடுகிறார். 1999-இல் 'படையப்பா'. நீலாம்பரி அடங்கவில்லை, அதனால் செத்தாள். அடங்கினால் வீடு, அடங்காவிட்டால் சாவு.

தமிழில் 'அடக்கம்' என்ற சொல்லுக்குப் பணிவு என்றும் பொருள், புதைத்தல் என்றும் பொருள். இதை வகுப்பில் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு சத்தம் அடங்கும். 'அடங்காப்பிடாரி' என்று திட்டுகிறோம். பிடாரி ஊர் எல்லையில் நிற்கும் சாமி. அவளுக்குப் பொங்கல் வைப்போம், அவள் பெயரைச் சொல்லி வீட்டுப் பெண்ணை ஏசுவோம். அச்சத்துக்கும் நாணத்துக்கும் நடுவில் வைக்கப்பட்ட 'மடம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பேதைமை என்று இன்று பொருள் சொல்கிறோம். பழைய உரைகாரர்கள் அதற்கு வேறு விளக்கம் தருகிறார்கள்: கொடுத்ததைப் பற்றிக்கொள்வது, பற்றியதைப் பிறகு விடாமல் இருப்பது. பற்றியதை விடாதவளுக்கு மதுரைப் பக்கத்துப் பேச்சில் பெயர் கொட்டுக்காளி.

அந்தப் படத்துக்கு வருவதற்கு முன்னால் ஒரு நாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படம் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி இரண்டு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. ஒரு நாள் அவள் அம்மா, தன் அக்காவையும் கூட்டிக்கொண்டு, துறை வாசலில் வந்து நின்றார். பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை பார்ப்பவர். சேலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. "டீச்சர், புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு. வாய் பேச மாட்டேங்குறா. சோறு வேணாங்குறா. மாமன் மகனுக்குப் பேசி முடிச்சதுல இருந்து இப்பிடி இருக்கா. ஒரு எடத்துல கொண்டு போய்ப் பாத்தோம். காத்துக் கறுப்புன்னு சொல்றாக. நீங்க ஒரு வார்த்த சொன்னீகன்னா கேப்பா. உங்க மேல அவளுக்கு உசுரு." பக்கத்தில் நின்ற பெரியம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "வேற ஒண்ணும் இல்ல டீச்சர். காலேஜுல எவனோ ஒருத்தன். நம்ம ஆளுக இல்ல."

போனில் பேசினேன். நான் என்ன சொன்னேன் என்பது அப்படியே நினைவிருக்கிறது. "பரீட்சை முக்கியம்மா. இப்போதைக்கு அம்மா சொல்றதக் கேட்டுக்கோ. அப்புறம் பாத்துக்கலாம்." எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனை அவள் அம்மா வாங்கி நன்றி சொன்னார். அவள் பரீட்சை எழுத வரவில்லை. கல்யாணம் ஆகிவிட்டது என்று தோழிகள் சொன்னார்கள். பெண்ணியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள் சொன்ன வார்த்தை 'கேட்டுக்கோ'.

'கொட்டுக்காளி' 2024 பிப்ரவரியில் பெர்லின் பட விழாவில் முதலில் காட்டப்பட்டு, ஆகஸ்டில் இங்கே திரைக்கு வந்தது. சிவகார்த்திகேயன் தயாரிப்பு. இயக்கிய வினோத்ராஜ், கணவன் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுக் கைக்குழந்தையோடு வெயிலில் நடந்தே வந்த தன் சகோதரியின் அனுபவத்திலிருந்து 'கூழாங்கல்' எடுத்தவர். அந்தப் படம் 2021-இல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது. 'கொட்டுக்காளி'யும் வெயிலில் ஒரு பயணம்தான். மீனா என்ற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று குடும்பமே அவளை ஒரு சாமியாரிடம் கூட்டிப் போகிறது. பெண்கள் ஆட்டோவில், ஆண்கள் பைக்குகளில். பலி கொடுக்க ஒரு சேவல். வேறு சாதிப் பையனைக் காதலித்துவிட்டாள், முறைமாமன் பாண்டியை மறுக்கிறாள், வாயைத் திறக்கவில்லை. இதுதான் பேய். மீனாவாக அன்னா பென், பாண்டியாகச் சூரி.

கதை என்று பார்த்தால் இவ்வளவுதான். பின்னணி இசை கிடையாது. ஆட்டோ என்ஜின் சத்தம், காற்று, சேவல், யாரோ இருமுவது, போன் மணி. முதல் இருபது நிமிஷம் பொறுமை வேண்டும். 'என்னதான் மேடம் நடக்குது இதுல?' என்று கேட்ட மாணவிகள் உண்டு. எங்கள் பக்கம் குலசாமி கும்பிடப் போகும் எந்தக் குடும்பத்தோடும் ஒரு நாள் ஆட்டோவில் போனவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. வழியில் நிறுத்துவது, தண்ணீர் வாங்குவது, யார் எங்கே உட்காருவது என்ற தகராறு, நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு. இந்தச் சாதாரணத்துக்கு நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் சேர்ந்து அவளை எங்கே கொண்டு போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். காலில் கட்டுப் போட்ட சேவலும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னொரு இயக்குநராக இருந்தால் இந்த இடத்தில் சோகமாக ஒரு வயலினை வைத்துக் கெடுத்திருப்பார்.

இந்தப் படத்திலும் அடி உண்டு. வழியில் எங்கிருந்தோ ஒலிபெருக்கியில் பாட்டு வருகிறது. மீனா அதை லேசாக முணுமுணுக்கிறாள். அதைப் பார்த்த பாண்டி அடிக்கிறான். அவளை, தடுக்க வந்த பெண்களை, கைக்குக் கிடைத்தவர்களை எல்லாம். கட் இல்லாமல் காட்சி நீள்கிறது. 'பட்டிக்காடா பட்டணமா'வில் சாட்டை விழும்போது கேமரா மூக்கையனின் வீரத்தை நமக்குக் காட்டிக்கொண்டே இருக்கும். அவன் ஏன் அடிக்கிறான் என்று படம் முன்னாலேயே நமக்குச் சொல்லி ஒப்புதல் வாங்கி வைத்திருக்கும். இங்கே ஒப்புதல் கேட்கவே இல்லை. ஒரு பாட்டை முணுமுணுத்ததற்கு இவ்வளவு அடியா என்று நாம் திகைத்து நிற்கும்போதே அது நடந்து முடிகிறது. அப்புறம் எல்லோரும் மறுபடி ஆட்டோவில் ஏறுகிறார்கள்! அந்த ஏறுதல்தான் எனக்குத் தாங்கவில்லை. அடி வாங்கிய பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மீனாவை நடுவில் உட்காரவைத்து, பயணத்தைத் தொடர்கிறார்கள். அவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் அவள் மேல் பாசம் உண்டு. அந்த ஆட்டோவில் நானும் உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு போன் பேச்சுக்கான இடம் எனக்கும் அதில் இருந்தது.

வழியில் ஒரு மாடு மறித்து நிற்கும் காட்சியை மட்டும் இன்னும் சொல்கிறேன். இத்தனை மீசைகளும் கிட்டப் போகப் பயந்து நிற்கின்றன. எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண் வந்து மாட்டைச் சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். தியேட்டரில் இதற்குத்தான் சிரிப்பு வந்தது. சிரித்தவர்களில் பெண்களின் குரல்தான் அதிகம்.

பேயோட்டுவது பற்றி மானுடவியலில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. தென்னார்க்காட்டில் இந்தச் சடங்குகளை ஆராய்ந்த இஸபெல் நபகோவ், புதுமணப் பெண்களைப் பிடிக்கும் பேய்கள் பெரும்பாலும் காதல் கைகூடாமல் செத்த இளைஞர்களின் ஆவிகளாகச் சொல்லப்படுவதைக் காட்டுகிறார். காதலனை விரட்டு, மனைவியை மீட்டெடு என்பது அவருடைய கட்டுரை ஒன்றின் தலைப்பு. மீனாவின் கதையில் காதலன் உயிரோடு இருக்கிறான், அதுதான் வித்தியாசம். உயிரோடு இருப்பவனையும் பேய் என்றே வைத்துக்கொள்கிறார்கள். அவனை விரட்ட வேறு வழிகளும் நம் நாட்டில் உண்டு. 2003-இல் விருத்தாசலம் பக்கம் கண்ணகியும் முருகேசனும் விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு வர 2021 ஆயிற்று. படம் இதையெல்லாம் பேசவில்லை. ஆனால் பைக்கில் வரும் ஆண்களின் முகத்தைப் பார்க்கும்போது, இந்தப் பயணம் தோற்றால் அடுத்த பயணம் எது என்ற பயம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

குறை இல்லாத படம் இல்லை. மீனாவின் மௌனம் பற்றி எனக்கு இன்னும் தீராத சங்கடம் உண்டு. பேச மறுப்பது அவளிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆயுதம், சரி. ஆனால் நம் இலக்கியமும் சினிமாவும் பெண்ணின் மௌனத்தை ஏற்கெனவே ரொம்பவே கொண்டாடிவிட்டன. அவள் என்ன நினைக்கிறாள் என்று அறியும் ஆசை எனக்கு இருந்தது. அந்தப் பையன் யார், அவன் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்பதற்குள்ளும் படம் போகவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் மறுபடியும் திரைக்கு வெளியே நிற்கிறான். முடிவும் அப்படித்தான். சாமியார் இன்னொரு பெண்ணுக்குப் பேயோட்டுவதைப் பாண்டி பார்க்கிறான். சாமியாரின் கை அவள் உடம்பில் எங்கெங்கு போகிறது என்பதைப் பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. படம் அங்கேயே, எதையும் முடித்து வைக்காமல், நின்றுவிடுகிறது. முடிவு இல்லை என்று பலர் கோபப்பட்டார்கள். என் கோபம் வேறு. தன் அடி தப்பு என்று அவனுக்குத் தோன்றவில்லை. தனக்கு உரிய பெண்ணை இன்னொருவன் தொடப்போகிறான் என்பதுதான் அவனை நிறுத்துகிறது. கடைசி நிமிஷத்தில் படம் அவனுடையதாகிவிடுகிறதோ? ஒரு மாணவி இதற்குப் பதில் சொன்னாள்: "மேடம், அவன் திருந்திட்டான்னு படம் சொல்லவே இல்லையே. அவன் நின்னான், அவ்வளவுதான். நம்மளாத்தான் அவன நல்லவனாக்கப் பாக்குறோம்." அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். 'பட்டிக்காடா பட்டணமா' பார்த்துவிட்டு வகுப்பில் யாரும் என்னிடம் இப்படி எதிர்வாதம் செய்ததில்லை.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரியும். மனிதனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று ஒரு பெண் பிடிவாதமாக நின்ற ஊர். அவள் அப்பா அவளை எந்தச் சாமியாரிடமும் கூட்டிப் போகவில்லை. அவள் கேட்ட இடத்துக்கே கூட்டிப் போனார். ஆடிப் பூரத்தன்று அந்தப் பிடிவாதக்காரிக்குத் தேர் இழுக்க இந்த வட்டாரமே திரள்கிறது. வடம் பிடிக்கிற கைகளில் பாண்டியின் கைகளும் இருக்கும், என் மாணவியின் அம்மாவின் கைகளும் இருக்கும்.

போன பங்குனிக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தைக்கு 'கொட்டுக்காளி'யைப் போனில் போட்டுக் காட்டினேன். மாமா இறந்து ஆறு வருஷமாகிறது. அத்தைக்குக் கண்புரை அறுவை முடிந்திருந்தது. போனைக் கைக்கெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஆட்டோவைப் பார்த்துவிட்டு, "இது நம்ம பக்கமா?" என்றாள். மதுரைப் பக்கம் என்றேன். மாடு வந்தபோது சிரித்தாள். அடி விழும் காட்சி வந்தது. நான் படத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் போனைக் கவிழ்த்து மெத்தையில் வைத்துவிட்டாள். சத்தம் மட்டும் மெத்தைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. நான் எடுத்து நிறுத்தினேன்.

"அந்தப் புள்ள வாயத் தொறக்கவே இல்லையே" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"இல்ல அத்தை."

எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் குடித்தாள். வாசலில் காயப்போட்டிருந்த வத்தலை முறத்தில் அள்ளி உள்ளே வைத்தாள். திரும்பி வந்து கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "சரி, மீதியப் போடு."